மஞ்சள் படாத போல்ட்

கான்கிரீட் போட்ட மறுநாள் காலை, ஆங்கர் போல்ட்டுகளை அளக்கப் போகும்போது உங்களுக்குப் பயமாக இருக்கிறதா? இருந்தால் நல்லது, இந்த வேலையில் உருப்படுவீர்கள். பயப்படாதவர்களைத்தான் நான் சந்தேகப்படுவேன். ஓய்வு பெற்று ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவுக்குப் பின்னால் ஒரு ஃபிளாட்டில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் வழியில் எங்காவது புது இரும்புத் தூண் கண்ணில் பட்டால் ஆட்டோவை ஓரம் கட்டச் சொல்லி அதன் அடியை எட்டிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. "இன்னா மேடம், எடம் வாங்கப் போறீங்களா?" என்று ஆட்டோக்காரர்கள் கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன், விளக்கம் சொல்வதைவிட அது சுலபம்.

நம் தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் திண்டாடக் கூடாது என்பதற்காக நாலு வரி. கான்கிரீட் மேடையிலிருந்து நான்கு போல்ட்டுகள் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் வேர் மேடைக்குள் ஆழமாகப் புதைந்திருக்கும். இரும்புத் தூணின் காலில் பற்றவைத்த கனமான தகட்டில் நான்கு ஓட்டைகள். தூணைக் கிரேனில் தூக்கி, ஓட்டைகளுக்குள் போல்ட் நுழையும்படி இறக்கி, நட்டைப் போட்டு முடுக்குவோம். தகட்டுக்கும் மேடைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கும். அதில் சின்னச் சின்னத் தகடுகளை அடைகொடுத்துத் தூணை நேராக நிறுத்தி, கடைசியில் கிரவுட் என்கிற கெட்டிக் கலவையை ஊற்றி மூடிவிடுவோம். மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்பது கடவுளுக்குத்தான் தெரியும். எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. அதற்காகப் போல்ட் எண்ணும் வேலையை அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

அம்பத்தூர் பக்கம் கள்ளிக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபம் கட்டினோம், நான் சைட் இன்ஜினியர். இடம் மண்டபத்தின் சொந்தக்காரர் சரோஜா அம்மாளுக்கு அப்பா வழியில் வந்தது. ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலத்தைச் சுற்றி இப்போது நாலு பக்கமும் ஃபிளாட்டுகள். வெளியூர்களிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள் குடியிருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு காதுகுத்து, வளைகாப்பு, முதல் பிறந்தநாள். "ஐடி புள்ளைங்க ஊடு வாங்கிடுதுங்க. நூறு பேர ஒக்கார வச்சு சோறு போட எடம் எங்க கீது?" என்று அந்த அம்மாள் கேட்டார். அதுதான் அவருடைய வியாபாரத் திட்டம் முழுவதும். பெரிய படிப்பு படித்தவர்கள் படம் போட்டு விளக்கும் திட்டங்களைவிட எனக்கு அது தெளிவாகப் புரிந்தது.

மண்டபத்தின் முதல் கல்யாணம் அவருடைய மகளுக்குத்தான். தை மாதம் நாள் குறித்து, பத்திரிகை அடித்து, அதில் மண்டபத்தின் பெயரையும் போட்டுவிட்டார்கள். மண்டபம்தான் இன்னும் மண்ணைவிட்டு எழும்பவில்லை.

தூண் நிறுத்துவதற்கு முந்தைய நாள் பூசை. பூசணிக்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் எல்லா சைட்டிலும் பார்த்ததுதான். சரோஜா அம்மாள் அதோடு நிற்கவில்லை. ஒரு கிண்ணம் நிறைய மஞ்சளைக் குழைத்து எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மேடையாகப் போய், ஒவ்வொரு போல்ட்டிலும் மேலிருந்து கீழ் வரை பூசிக் குங்குமம் வைத்தார். வழக்கமாக முதல் மேடைக்கு மட்டும் வைப்பார்கள். இவர் ஒன்றைக்கூட விடவில்லை. "ஒண்ண உட்டுட்டு ஒண்ணுக்கு வச்சா அது கோச்சுக்காதா?" என்றார். மரைக்குள் மஞ்சள் போனால் நட் சரியாக ஏறாதே என்று எனக்கு எரிச்சல். மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கச் சொன்னேன்.

தூண் நிறுத்தும் ஆட்களுக்குத் தலைவர் ஏழுமலை கையைப் பிசைந்தார். "வாணாம் மேடம். அந்தம்மா பாத்துகினு கீது. நட்டு ஏறிடும், நான் கேரண்டி" என்றார். நட்டை எடுத்து ஒரு போல்ட்டில் ஓட்டிக் காட்டினார், ஏறியது. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஏழுமலை அண்ணனூர்க்காரர், தொப்பையும் சிரிப்பும் கொஞ்சம் பெரிது. வேலையில் சுத்தம். கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு கீழே நின்றபடியே கிரேனை ஆட்டுவிப்பார். மேலே ஏறுவது அவரிடம் வேலை பார்க்கும் முருகன்.

இங்கே எங்கள் பிராஜெக்ட் மேனேஜரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை, திறமையானவர்தான். ஆனால் அவர் சைட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எதையாவது உடைத்தவன் அன்றே கேட்டுக்கு வெளியே. காரணம் கேட்பதில்லை. அவருடைய சைட்டில் எதுவுமே உடைவதில்லை என்று மேலிடத்தில் அவருக்கு நல்ல பெயர். எனக்கும் அப்போது அது நல்ல விஷயமாகத்தான் தெரிந்தது.

வாசல் பக்கத்துத் தூண்களை முதலில் நிறுத்தினோம். அடுத்து அவற்றின் தலையில் கூரை உத்தரத்தை ஏற்ற வேண்டும். அன்று காலை சரோஜா அம்மாள் சொந்தக்காரர்களோடு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பந்தல்கால் நடுவது போல ஒரு உற்சாகம், எல்லாருக்கும் கேசரி வேறு. நல்ல நேரம் முடிவதற்குள் உத்தரம் உட்கார வேண்டும் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார்.

கிரேன் உத்தரத்தைத் தூக்கிவிட்டது. நான் கடைசியாக ஒருமுறை தூண்களின் காலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இது என் பழக்கம், பாதி நேரம் வீண் வேலைதான். எல்லா நட்டுகளும் முடுக்கியிருந்தன. நட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த மரையில் மஞ்சள் காய்ந்து அப்பியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. வாசலுக்கு இடப்பக்கத் தூணில் நான்காவது போல்ட் பளிச்சென்று இருந்தது. மஞ்சளும் இல்லை, குங்குமமும் இல்லை.

யாரோ துடைத்திருப்பார்கள் என்று தாண்டிப் போனேன். இரண்டு எட்டு வைத்ததும் கால் நின்றுவிட்டது. யார் துடைப்பார்கள்? துடைக்க வேண்டாம் என்று என்னிடமே கெஞ்சினார்களே. துடைத்தாலும் மஞ்சள் அவ்வளவு லேசில் போகுமா? நிமிர்ந்து பார்த்தேன். அந்தத் தூணின் தலையில் உத்தரத்தை வாங்கிக்கொள்ளக் காத்திருந்தது முருகன் இல்லை, ஏழுமலை. தொப்பையோடு இடுப்புப் பெல்ட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முருகனுக்குக் காய்ச்சல் என்று காலையில் அவரே சொல்லியிருந்தார். முருகனோ கீழே விசிலோடு நின்று ஆனந்தமாகக் கேசரி தின்றுகொண்டிருந்தான்.

அந்த நொடியில் எனக்கு எதுவும் தெளிவாகப் புரியவில்லை. பயம் மட்டும் வந்தது. இரண்டு கையையும் தூக்கி, "நிறுத்து!" என்று கத்தினேன். உத்தரம் தூணுக்கு மேலே லேசாக ஆடியபடி அந்தரத்தில் நின்றது.

மேனேஜர் ஓடி வந்தார். "என்ன மேடம் ஆச்சு?"

"சார், இந்த போல்ட்ல மஞ்சள் இல்ல."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று உறைத்தது. பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மேனேஜருக்கு முகம் சிவந்தது. "நீங்க எப்ப மேடம் பூசாரி ஆனீங்க? முப்பது வருஷ சர்வீஸ்ல இதுக்கா கிரேன நிறுத்துவாங்க?"

"மத்த எல்லாத்துலயும் மஞ்சள் இருக்கு சார். இது மட்டும் பூசைக்கு அப்புறம் வந்திருக்கு. என்னன்னு பாக்கணும்."

"பாருங்க, யார் வேண்டாம்னா? உத்தரத்த ஏத்தி முடுக்கிட்டு நிதானமா பாருங்க. தொங்கவிட்டு வைக்கறதுதான் ஆபத்து. காத்து வேற அடிக்குது."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். இதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். அவர் சொன்னது பாதி சரி. பாரத்தைத் தொங்கவிட்டு வைக்கக் கூடாது. அவசரத்தில் நமக்கு வரும் யோசனைகள் முழுத் தப்பாக இருந்தால் பரவாயில்லை, சட்டென்று தள்ளிவிடலாம். பாதி சரியாக இருப்பவைதான் நம்மை ஏமாற்றும். தொங்கும் பாரத்தை இறக்க இரண்டு இடம் இருக்கிறது, தூணின் தலை, இல்லாவிட்டால் தரை. சந்தேகம் தூணின் காலில் என்றால், தலையில் பாரத்தை வைத்துக்கொண்டு காலைச் சோதிப்பது என்ன புத்தி? என்னிடம் அப்போது ஆதாரம் என்று ஒன்றும் இல்லை. மஞ்சள் இல்லாத ஒரு போல்ட் மட்டும்தான் இருந்தது. நான் சொன்னது தப்பாகப் போனால் அம்பத்தூர் முழுக்கச் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

"தரையில இறக்கச் சொல்லுங்க சார். ஏழுமலையும் எறங்கட்டும். ஒண்ணும் இல்லன்னா எல்லார் முன்னாடியும் நான் மன்னிப்புக் கேக்கறேன்."

அவர் என்னை முறைத்தார். பிறகு கிரேனைப் பார்த்துக் கையைக் கீழே காட்டினார். அவருக்கு அந்த நல்ல குணம் உண்டு.

உத்தரம் தரையில் படுத்தது. பளிச்சென்ற அந்தப் போல்ட்டின் பக்கம் மட்டும் அடைத் தகடுகளைச் சுவர் மாதிரி நெருக்கி அடுக்கியிருந்தார்கள், உள்ளே எதுவும் தெரியவில்லை. நான் எதிர்ப்பக்கம் போய் மண்ணில் குப்புறப் படுத்து, இரண்டு விரல் இடைவெளிக்குள் போன் டார்ச்சை அடித்தேன். மேடையிலிருந்து தகடு வரைக்கும் மூன்று கம்பிகள் நின்றன. நான்காவது மூலையில் கம்பி இல்லை. இரும்பு ஸ்கேலை உள்ளே விட்டு அந்த இடத்தில் இப்படியும் அப்படியும் ஆட்டினேன். எதிலும் இடிக்கவில்லை.

மேலே தெரிந்தது வெறும் மரைத் துண்டு. தூண் தரையில் படுத்திருந்தபோதே தகட்டின் அடிப்பக்கமாக வெல்டு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். நட்டும் முடுக்கியிருந்தது, வாஷரும் இருந்தது. மேடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மறுநாள் கிரவுட் ஊற்றியிருந்தால் கதை முடிந்தது.

நான் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டபோது ஏழுமலை கீழே இறங்கி வந்து நின்றார். கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"நான்தான் மேடம். பூசை அன்னிக்கு எல்லாரும் சாப்புடப் போனீங்கோ இல்ல, அப்ப ஜல்லி லாரி வந்துச்சு. நான்தான் ரிவர்ஸ் பாத்துகினு இருந்தேன். வா வான்னு சொல்லிகினே இருந்தேன், போல்ட்டு மேல ஏத்திட்டான். மடங்கிச்சு. சூடு காட்டி நிமித்தலாம்னு பைப்ப மாட்டி இழுத்தேன், ஒடிஞ்சு கைல வந்துச்சு."

"வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் மேனேஜரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாற்காலியில் இருந்த சரோஜா அம்மாளைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "வேலை போவும்னு பயம்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா அது மட்டும் இல்ல மேடம். அந்தம்மா அப்பதான் ஒவ்வொண்ணா மஞ்சள் தடவிட்டுப் போச்சு. பூசை போட்ட அன்னிக்கே வாசல் தூணு போல்ட்டு ஒடிஞ்சிச்சுன்னு தெரிஞ்சா இன்னா நெனைக்கும்? பொண்ணு கல்யாணம் மேடம். மனசு தாங்காது. மூணு போல்ட்டு கீதே, ஒண்ணியும் ஆவாதுன்னு நெனச்சேன்."

"ஒண்ணும் ஆகாதுன்னா முருகன ஏத்தியிருக்கலாமே. நீங்க ஏன் ஏறினீங்க?"

அவர் தலை குனிந்து பெல்ட்டைக் கழற்றத் தொடங்கினார். கொக்கி சிக்கிக்கொண்டது. முருகன்தான் வந்து கழற்றிவிட்டான்.

எனக்கு அவரை ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது, உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கலாம் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மூன்று போல்ட் தாங்கியிருக்குமா? ஒருவேளை தாங்கியிருக்கும். தூண் சாயாமல் பிடித்திருந்த இழுகயிற்றை வேறு கிரேனுக்கு வழிவிட அந்தப் பக்கம் அவிழ்த்திருந்தோம், அதனால் தாங்காமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாது என்பதால்தான் அதன் மேல் ஆளை ஏற்றக் கூடாது.

 மேனேஜர் கோபத்தோடு கையைக் கேட் பக்கம் நீட்டினார், அவ்வளவுதான். ஏழுமலை விசிலைக் கழற்றி முருகனிடம் கொடுத்துவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

"சார், இவர அனுப்பினா அடுத்த போல்ட் உடையறது நமக்குத் தெரியாது" என்றேன்.

"அனுப்பலன்னா எல்லாரும் உடைப்பாங்க."

"இப்பவும் உடையத்தான் உடையுது சார். நம்ம கிட்ட சொல்றதுதான் இல்ல."

அதற்குள் சரோஜா அம்மாள் எழுந்து எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். மேனேஜர் என் காதருகே, "டெக்னிக்கல் பிராப்ளம்னு சொல்லிடுங்க. போல்ட் விஷயம் வேண்டாம்" என்றார். நடந்துகொண்டிருந்த ஏழுமலையும் நின்று, சொல்ல வேண்டாம் என்பது போல என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வெளியே துரத்தியவரும் துரத்தப்பட்டவரும் இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள்.

எனக்கும் சொல்லத் தயக்கம்தான். அந்த அம்மாள் அழுதால் என்ன செய்வது, கல்யாணத்தை வேறு இடத்துக்கு மாற்றினால் என்ன செய்வது என்றெல்லாம் மனது ஓடியது. ஆனால் அது அவருடைய மண்டபம். அந்தக் கூரையின் கீழே உட்காரப் போவது அவருடைய ஜனம். அவரைக் கூட்டிப் போய்த் தூணின் காலருகே நிறுத்தி, மஞ்சள் இருக்கும் மூன்றையும் மஞ்சள் இல்லாத ஒன்றையும் காட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். லாரி, ஒடிந்த போல்ட், ஒட்டவைத்த துண்டு, எதற்காக மறைத்தார் என்பது, ஏழுமலை தானே மேலே ஏறியது, எல்லாம்.

அவர் குனிந்து அந்தப் போல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கேட்டருகே நின்ற ஏழுமலையைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். நாற்காலியில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"ஏய் ஏழுமல, இங்க வா! எனக்கு மனசு தாங்காதுன்னு நீ போய் மேல ஒக்காந்தியா? நீ உழுந்திருந்தா? உன் ரத்தம் சிந்துன எடத்துல என் பொண்ணு மாலை மாத்திக்குவாளா? இரும்பு ஒடிஞ்சா வேற இரும்பு வாங்கிக்கலாம்யா. உன் பொண்டாட்டிகிட்ட நான் இன்னான்னு போய் நிப்பேன்?"

ஏழுமலை அழுதுவிட்டார். அவ்வளவு பெரிய உடம்பு, தோள் குலுங்கிற்று. சரோஜா அம்மாளுக்கும் கண் கலங்கியது, ஆனால் திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. திட்டி முடித்து மேனேஜரிடம் திரும்பினார். "சார், இவர வெளிய அனுப்பிடாதீங்க. ஒடைச்ச ஆளே நிக்க வைக்கட்டும். இனிமே இந்தத் தூண இவர் மாதிரி யாரும் பாத்துக்க மாட்டாங்க."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். "போய் அந்தத் தூணைக் கழட்டுய்யா" என்றார். ஏழுமலை முருகனிடமிருந்து விசிலை வாங்கிக்கொண்டார்.

தூணைத் தரையில் படுக்கவைத்தோம். டிசைன் இன்ஜினியர் வந்து பார்த்து வழி சொன்னார். மேடையை ஆழமாகக் கொத்தி, புதைந்திருந்த பழைய கம்பியோடு புதுக் கம்பியை முறைப்படி பற்றவைத்து, மறுபடி கான்கிரீட் போட்டு, அது இறுகும்வரை அந்தப் பக்கமே போகாமல் மற்ற தூண்களைப் பார்த்தோம். அந்தப் போல்ட்டை இழுத்துச் சோதித்த பிறகுதான் தூண் மறுபடி எழுந்தது. நல்ல நேரம் தவறிப்போனதைப் பற்றி யாரும் பேசவில்லை. வர்ணம் பூசி முடிக்கவில்லை, ஒரு பக்கம் சுவரும் இல்லை. ஆனாலும் தையில் கல்யாணம் அங்கேதான் நடந்தது. முதல் பந்தியிலேயே எங்களை உட்கார வைத்தார்கள். சாப்பாடு பிரமாதம், மூன்றாம் முறை பாயசம் கேட்டேன் என்பதை வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்கிறேன்.

உங்களுக்குச் சொல்ல நினைத்தது இதுதான். போல்ட் உடையும். லாரி இடிக்கும், அளவு தப்பும், போல்ட்டுகளைப் பிடித்திருக்கும் டெம்ப்ளேட் நகரும். எல்லாவற்றுக்கும் நம்மிடம் வைத்தியம் இருக்கிறது, சொன்னால் போதும். ஆனால் சொல்ல வருகிறவன் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லலாமா வேண்டாமா என்று முடிவு செய்வான். ஆகவே முகத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். கெட்ட செய்தி கொண்டு வருபவனுக்கு முதலில் ஒரு டீ சொல்லுங்கள், திட்ட வேண்டியதை டீக்கு அப்புறம் திட்டலாம்.

அன்றிலிருந்து அந்த சைட்டில் எனக்கு நிம்மதியே இல்லை. "மேடம், ஸ்பேனர் வழுக்கி மரை நசுங்கிடுச்சு." "மேடம், தூண் வெல்டுல லேசா கோடு தெரியுது, கீறலா பாருங்க." "மேடம், வாஷர் ஒண்ணு குழிக்குள்ள உழுந்துடுச்சு." சாப்பிடும்போதும் விடமாட்டார்கள். ஒரு நாள் முருகன் மூச்சு வாங்க ஓடி வந்து நின்றான். என்னடா என்றால், டீ கிளாஸ் உடைந்துவிட்டதாம். அவனுக்குப் பின்னால் எங்கள் மேனேஜர் வரிசையில் நிற்பது போல நின்றிருந்தார். "மேடம், அந்தக் கிளாஸ உடைச்சது நான்தான்" என்றார்.